லா சப்பலுக்கு மேலே நிற்கும் பந்து

இறுதியாட்டம் முடிய எட்டு வினாடி இருந்தபோது பாரிஸ் அணி உதைத்த பந்து மேலே போனது, கீழே வரவில்லை. ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பாரிசுக்கு வடக்கே, சார்செல்லுக்கு அப்பால் உள்ள ஒரு சிறிய மைதானத்தில் இது நடந்தது. வெயில் இருந்தது, காற்று அதிகமில்லை. பந்து இரண்டு நாள் மைதானத்துக்கு மேலேயே தங்கியது. பிறகு ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டு தெற்கே நகர்ந்து, சென்-தெனியில் ஒரு பகல் நின்று, வியாழக்கிழமை காலை கடைகள் திறக்கும் நேரத்தில் பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலுக்கு வந்து, ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஓர் ஆறுமாடிக் கட்டடத்துக்கு மேலே, இன்னும் ஆறு மாடி உயரத்தில் நிலைத்துவிட்டது. அந்த வாரம் முருங்கைக்காய் விலை ஏறியிருந்தது. தெருவில் நின்றவர்கள் முதலில் முருங்கைக்காயைப் பற்றிக் கதைத்தார்கள், பிறகு பந்தைப் பற்றி.

அந்தக் கட்டடத்தின் நாலாம் மாடியில் தர்மிளா இருந்தாள். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் அவளுக்கு வேலை. அவளுடைய கணவன் கிருஷிகன் பாரிஸ் அணியில் அமெரிக்கன் ஃபுட்போல் ஆடுபவன். தோளில் கவசமும் தலையில் ஹெல்மெட்டுமாக, இரண்டு முனையும் கூரான பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி மோதும் ஆட்டம் அது. இருவருமே பாரிசில் பிறந்து வளர்ந்தவர்கள், இருவரின் பெற்றோரும் யாழ்ப்பாணத்தார். தங்கள் மகன் சம்பளம் வாங்கிக்கொண்டு பிற ஆம்பிளைகளை இடித்து விழுத்துகிறான் என்பதை கிருஷிகனின் வீட்டார் ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. விளையாட்டுத் துறையில் வேலை என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்கள். பந்து தர்மிளாவின் சமையலறை ஜன்னலுக்கு நேர் மேலே வந்து நின்றபோது கிருஷிகன் வீட்டில் இல்லை. அவன் சார்செல் மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை நின்ற அதே இடத்தில், அதே குனிந்த நிலையில் நின்றான். அவனோடு பாரிஸ் அணியின் மற்ற ஒன்பது பேரும், ஐந்து யார்ட் தள்ளி எதிரே பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப் அணியின் ஒன்பது பேரும் நின்றார்கள்.

அவர்களை ஒருவரும் கட்டிப்போடவில்லை. நிற்க வைத்தது விதி. முன்பெல்லாம் ஓர் அணி தொடக்க உதையை உதைத்ததுமே அதன் ஆட்கள் மைதானத்தின் பாதிக்கு மேல் முழு வேகத்தில் ஓடிப்போய் எதிரே வருபவர்களோடு மோதுவார்கள். மண்டை உடையாது, உள்ளே இருப்பது கலங்கும். அமெரிக்காவின் பெரிய லீக் அதைக் கைவிட்டுப் புது விதி கொண்டுவந்தபோது, எட்டுக் கழகங்கள் கொண்ட இந்த ஐரோப்பிய லீக்கும் அதே வசந்தத்தில் மாற்றிக்கொண்டது. புது விதிப்படி இரண்டு அணியும் கிட்டக் கிட்ட எதிரெதிரே நிற்க வேண்டும். உதைத்த பந்து நிலத்தில் விழும்வரை, அல்லது ஏந்துபவன் கையில் படும்வரை, நிற்பவர்கள் காலை எடுக்கக்கூடாது. எடுத்தால் எடுத்தவனின் அணிக்கு ஐந்து யார்ட் தண்டம், மறுபடி உதை. பந்தை ஏந்தக் காத்திருக்கும் இருவர் மட்டும் விரும்பியபடி ஓடித்திரியலாம். பந்து விழாமலே போனால் என்ன செய்வது என்று விதியை எழுதியவர்கள் யோசிக்கவில்லை. பாரிஸ் இரண்டு புள்ளி முன்னால் நின்றது; ஐந்து யார்ட் கொடுத்தால் கிண்ணம் கைமாறக்கூடும். அன்ட்வேர்ப்பும் அதே கணக்கைத் தன் பக்கத்திலிருந்து போட்டது. ஆகவே ஒருவரும் அசையவில்லை.

இந்தப் புது விதியைக் கேட்டு வாங்கியவர்களில் தர்மிளாவும் ஒருத்தி. அதற்கு முந்திய இலையுதிர் காலத்தில், பழைய விதிப்படி ஓடி மோதியதில் கிருஷிகன் தலையில் அடிபட்டு வீட்டுக்கு வந்தான். நடந்தான், சாப்பிட்டான், சிரித்தான். ஆனால் ஒரு கிழமை முழுக்க அவளை ‘நீங்கள்’ என்று கூப்பிட்டான். உப்பு எங்கை வைச்சிருக்கிறீங்கள், நீங்கள் எந்த ஸ்டேசனிலை இறங்கிறனீங்கள் என்று மரியாதையாகக் கேட்டான். சிநேகிதர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். தர்மிளாவுக்கு அந்த மரியாதை தாங்க முடியவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து தன்னை நீ என்றே கூப்பிட்டவன், மெத்ரோவில் பக்கத்து இருக்கையில் இருக்கும் ஒருவரோடு கதைப்பதுபோல் தன்னோடு கதைப்பதைக் கேட்டுக்கொண்டு அவள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றாள். எட்டாம் நாள் காலை “எடி, என்ரை சார்ஜர் எங்கை?” என்று அவன் கத்தியபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. அதன் பிறகு ஆட்டக்காரரின் மனைவிமார் புரூசலில் லீக் அலுவலகத்துக்கு முன்னால் மழையில் நின்றபோது அவளும் நின்றாள். உள்ளே கூப்பிட்டுக் கேட்டபோது எல்லோருக்குமாகப் பேசியதும் அவள்தான்.

இறுதியாட்டத்தன்று காலை வீட்டில் சண்டை. இன்னொரு வருடத்துக்குக் கையெழுத்துப் போடப் போவதாக அவன் சொன்னான். அவள் தேநீர்க் கோப்பையைக் கழுவியபடி, திரும்பிப் பார்க்காமல், “நீ ஓடாமல் ஒரு இடத்திலை நிண்டாத்தான் எனக்கு நித்திரை வரும்” என்றாள்.

“சரி. நிண்டு காட்டுறன்” என்றான் அவன். அவர்கள் வீட்டில் சண்டைக்குப் பிறகு யார் முதலில் வாய் திறக்கிறாரோ அவர் தோற்றவர். ஒருமுறை ஒன்பது நாள் இருவரும் சுவரைப் பார்த்தே கதைத்தார்கள். மா முடிஞ்சுது என்று சுவருக்குச் சொன்னால், வாங்கியாச்சு என்று சுவருக்குப் பதில் வரும். அன்றைக்கு அவன் கதவைச் சாத்திவிட்டுப் போனான். அவளும் வழியனுப்பவில்லை.

பந்து வந்த மறுநாள், கீழே மரக்கறிக் கடை வைத்திருக்கும் மன்னார்க்காரர் இராயப்பு அவளை மறித்தார்.

“பிள்ளை, உது உன்ரை மனுசன் உதைச்ச பந்தோ?”

“அவர் உதைக்கிறேல்லை அண்ணை. அவர் ஓடுறவர்.”

“ஓடுறவர் நிக்கிறார், பறக்கிற பந்தும் நிக்குது. நல்ல விளையாட்டுத்தான். எங்கடை சனம் கிரிக்கெட்டிலையே ஐஞ்சு நாள் நிண்டதுகள், பிறகென்ன.” வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். தர்மிளாவும் சிரித்தாள். மாடிப்படியில் ஏறும்போது, தான் முந்திய இரவு மிக நன்றாக நித்திரை கொண்டிருந்ததை அவள் நினைத்துக்கொண்டாள். அதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

அன்ட்வேர்ப் அணியில் பந்தை ஏந்தும் இருவரில் ஒருவனான யோரிஸ் பந்தைத் தேடிக்கொண்டு லா சப்பலுக்கு வந்தான். அவனுக்கு ஓடித்திரிய அனுமதி இருந்தது, வேலையும் அதுதான். தொடை பெருத்த, எளிதில் வெட்கப்படும் பெல்ஜியக்காரன். கட்டடத்தின் ஆறாம் மாடியில் இராயப்புவுக்கு ஒரு சின்ன அறை இருந்தது. அதை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கூரை ஜன்னலைத் திறந்து இரண்டு கையையும் மேலே ஏந்தியபடி நின்றான். கை உளைந்தால் கீழே வந்து லொறியிலிருந்து பெட்டி இறக்குவான். எறிந்த பூசணிக்காய் ஒன்றையும் அவன் தவறவிட்டதில்லை. முதல் குளிர்காலத்துக்குள் தமிழ் பிடித்துக்கொண்டான். காலையில் மேலே பார்த்துவிட்டு, “அண்ணை, இண்டைக்கு வராது போல கிடக்கு” என்று வானிலைச் செய்தி மாதிரிச் சொல்வான். இராயப்பு அதைக் கேட்டுவிட்டுக் கடையின் முன்தட்டை வெளியே எடுத்து வைப்பார். ஆவணி முடிவில் பிள்ளையார் தேர் தெருவைச் சுற்றி வந்தபோது, பந்தின் நிழல் விழுந்த இடத்தில் சிலர் தேங்காய் அடித்தார்கள். அடுத்த வருடம் எல்லோரும் அடித்தார்கள். பந்துக்குக் கீழே உள்ள கடை என்றால் இராயப்புவின் கடை என்று கடிதம் கொண்டுவருபவருக்கும் தெரியும்.

மைதானத்தில் நின்றவர்கள் சாகவில்லை, மெலியவும் இல்லை. கையை அசைக்க விதியில் தடை இல்லாததால் சாப்பிட்டார்கள். லா சப்பலிலிருந்து ஒரு முடிதிருத்துபவர் மாதத்துக்கு ஒருமுறை போய்த் தாடி வெட்டினார். ஆட்டம் முடியாதபடியால் கழகம் சம்பளத்தை நிறுத்தவில்லை. சனிக்கிழமைகளில் தர்மிளா கார் து நோரில் ரயில் எடுத்துச் சோறும் துவைத்த சட்டையும் கொண்டுபோனாள். கிருஷிகனுக்கு எதிரே நின்ற அன்ட்வேர்ப்காரன் பீட்டருக்கும் ஒரு பெட்டி கொண்டுபோவாள்; ஒருவன் சாப்பிட மற்றவன் பார்த்துக்கொண்டு நிற்பது அவளுக்குச் சரியாகப் படவில்லை. பீட்டருக்குத் தமிழில் சோறு, தண்ணி, காணும், வேண்டாம் என்ற சொற்கள் வந்துவிட்டன. முதல் மழைக்குப் பிறகு அவர்களுடைய சப்பாத்துகள் மண்ணுக்குள் போயின. வசந்தத்தில் கணுக்கால் போனது. ஒருவரும் அவசரப்படவில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் தர்மிளா முதலில் பார்ப்பது அவன் முகத்தை அல்ல, அவன் கால் எதுவரை தெரிகிறது என்பதைத்தான். அணி வைத்தியர் கெண்டைக்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, முழங்கால் வரை போனால் பிறகு உயிரோடு எடுக்க ஏலாது என்று, பல்லுப் பிடுங்குவதைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

லீக்கின் விதிக் குழுவுக்குத் தலைவி மரி-கிளேர் என்ற முன்னாள் நடுவர். அவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எட்டுக் கழகத்தையும் புரூசலில் கூட்டினார். எந்த விதி மாறுவதற்கும் ஆறு கழகம் கை உயர்த்த வேண்டும். முதல் கூட்டத்தில், குறித்த நேரத்துக்குள் விழாத பந்தைச் செத்த பந்தாக அறிவிக்கலாம் என்றார்கள். செத்தது எந்த இடத்தில் என்று கேள்வி வந்தது. பின்கோட்டுக்கு அப்பால் போனதாகக் கொண்டால் அன்ட்வேர்ப் முப்பத்தைந்தாம் யார்டில் தொடங்கும், பக்கக்கோட்டுக்கு வெளியே போனதாகக் கொண்டால் நாற்பதில். அந்த ஐந்து யார்டில் கூட்டம் உடைந்தது. இரண்டாவது கூட்டத்தில், பந்து இறங்க வேண்டிய வட்டாரத்தைப் பெருப்பித்து லா சப்பலையும் அதற்குள் சேர்த்துவிடலாம் என்றார்கள். அப்படியானால் யோரிஸ் பந்தைப் பிடித்ததும் சார்செல் வரை ஓட வேண்டும். அவன் ரயில் எடுக்கலாமா, எடுத்தால் பாரிஸ் அணி அவனை ரயிலுக்குள் விழுத்தலாமா என்று இரண்டு நாள் விவாதித்தார்கள். அதுவும் விழுந்தது. மூன்றாவது கூட்டம் சாப்பாட்டோடு முடிந்தது. இரண்டாவது வருடத்து வசந்தத்தில், கிருஷிகனின் முழங்கால் சிரட்டைக்கும் மண்ணுக்கும் நடுவே நாலு விரல் இருந்தபோது, மிஞ்சியது ஒரே ஒரு யோசனை: பழைய விதிக்கே திரும்பிப் போவது. உதைத்தவுடன் எல்லோரும் ஓடலாம். இப்போது ஆகாயத்தில் நிற்கும் பந்துக்கும் அது பொருந்தும். ஐந்து கழகம் சம்மதம் என்றது. ஆறாவது கழகத்தின் தலைவர், இந்த விதியைக் கேட்டது மனைவிமார், ஆகவே அவர்கள் சொன்னால் நானும் கை உயர்த்துகிறேன் என்றார். மனைவிமாரின் பிரதிநிதி தர்மிளா.

புரூசல் ரயிலில் அவளுக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் அவன் பின்னேரமே வீட்டில். மற்ற மனைவிமார் முடிவை அவளிடம் விட்டிருந்தார்கள், ஆனால் ஒருத்தி கார் து நோர் மேடைவரை வந்து அவள் கையைப் பிடித்துவிட்டுப் போயிருந்தாள். ஓம் என்று சொல்லத்தான் அவள் புறப்பட்டாள். கூட்டத்தில் மரி-கிளேர் பழைய ஆட்டங்களின் படத்தைச் சுவரில் ஓடவிட்டார். இருபது பேர் இரண்டு பக்கமிருந்தும் ஓடி வந்து மோதினார்கள், படத்துக்குச் சத்தம் இல்லை. ஒருவன் எழும்பித் தன் அணியின் பக்கம் எது என்று தெரியாமல் நின்றான். தர்மிளா அவனுடைய கையைப் பார்த்தாள். அது தன் ஹெல்மெட்டையே யாருடையதோ என்பதுபோல் தடவிக்கொண்டிருந்தது. உங்கள் முடிவு என்ன மதாம் என்று மரி-கிளேர் கேட்டபோது, தர்மிளாவின் வாயிலிருந்து வந்த பிரெஞ்சுச் சொல் ‘இல்லை’ என்பது. பிறகு யாரோ காகிதங்களை அடுக்கினார்கள்.

திரும்பி வரும் ரயிலில் அவள் கணக்குப் போட்டாள். இனி அவன் முழங்கால் போகும், அதைச் செய்தது தான். தலையைக் காப்பாற்றக் காலைக் கொடுத்தேன் என்று ஒரு நியாயம் சொல்லிப் பார்த்தாள்; அது நிற்கவில்லை. அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. இந்த இரண்டு வருடமும் அவன் எங்கே இருக்கிறான் என்று அவளுக்கு எப்போதும் தெரிந்திருந்தது. தொலைபேசி மணிக்கு அவள் பதறவில்லை. ஆம்புலன்ஸ் சத்தத்துக்கு ஜன்னலைத் திறக்கவில்லை. தலையணையில் தலை வைத்ததும் உறங்கினாள், காலையில் வெயில் சமையலறை மேசையைத் தொடும்போது எழும்பினாள். நிற்கிற கணவன் அவளுக்குப் பொருந்திப் போயிருந்தான். இதை நினைத்ததும் ரயில் பெட்டியில் யாராவது தன்னைப் பார்க்கிறார்களா என்று அவள் சுற்றிப் பார்த்தாள். கார் து நோரில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் அப்படியே சார்செல் பக்கம் ரயில் மாறினாள்.

கிருஷிகன் அவள் வெறுங்கையோடு வருவதைத் தூரத்திலேயே கண்டுவிட்டான்.

“என்ன, பாஸ் பண்ணிட்டாங்களோ?”

“இல்லை.”

“எத்தினை கை?”

“ஐஞ்சு. ஆறாவது என்னைக் கேட்டது. நான் வேண்டாம் எண்டிட்டன்.”

வேண்டாம் என்ற சொல் பீட்டருக்கு விளங்கியது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். வரிசையில் செய்தி ஒருவரிலிருந்து ஒருவருக்குப் போய், கடைசியில் நின்றவன் பிரெஞ்சில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். கிருஷிகன் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மண் அவனுடைய முழங்காலைத் தொட இன்னும் மூன்று விரல்தான் இருந்தது. போன சனிக்கிழமை நாலு இருந்தது.

“ஏனடி?”

“திரும்பவும் என்னை நீங்கள் எண்டு கூப்பிடுவாய்.”

அவன் சிரித்தான். ஹெல்மெட்டுக்குள் அந்தச் சிரிப்பு கிணற்றுக்குள் கேட்பதுபோல் கேட்டது. “ரெண்டு வரிசமா இஞ்சை வாறாய். சோறு கொண்டு வாறாய், சேட்டுக் கொண்டு வாறாய், அந்தக் கிளப் என்ன சொல்லுது, இந்தக் கிளப் என்ன சொல்லுது எண்டு கதை கொண்டு வாறாய். ஒருநாள் எண்டாலும் என்னை வா எண்டு சொன்னனியோ?”

“ரூல் விடாதெல்லோ, கிருஷி.”

“ரூல் எனக்கு ஐஞ்சு யார்ட் மட்டுந்தான். நில் எண்டு சொன்னது நீ.”

எட்டுக் கழகத் தலைவர்களையும் அவள் கேட்டிருந்தாள். மரி-கிளேரைக் கேட்டிருந்தாள், பிள்ளையாரையும் கேட்டிருந்தாள். இவனை மட்டும் கேட்கவில்லை. கேட்டால் வந்துவிடுவான் என்பது எங்கேயோ ஓரிடத்தில் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

“வந்தா, பிறகும் ஓடுவியோ?”

“ஓடுவன்.”

“ஒரு பொய் சொன்னா என்ன?”

“சொல்லலாம்” என்றான். “நீ நம்பமாட்டாய்.”

காற்று அடித்தது, புல் ஒரு பக்கம் சாய்ந்தது. வரிசையில் நின்ற எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பக்கக்கோட்டின் வெள்ளைக் கோட்டைத் தாண்டி உள்ளே போனாள். மனைவிமார் கோட்டைத் தாண்டுவது பற்றி விதியில் ஒன்றும் இல்லை. அவனுக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கையாலும் அவனுடைய ஹெல்மெட்டின் கம்பியைப் பிடித்தாள்.

“வா, கிருஷி. வீட்டை போவம்.”

அவன் இடது காலை இழுத்தான். மரவள்ளி பிடுங்கும்போது வருவதுபோல் ஒரு சத்தம் வந்தது. சப்பாத்து உள்ளேயே இருந்துவிட, வெளிறிய வெறுங்கால் மேலே வந்தது. இரண்டு வருடமாகக் கதிரையில் இருந்த நடுவர் விசிலைத் தேடி எடுத்து ஊதி, மஞ்சள் துணியை எறிந்தார். அது வெயிலில் வெளுத்து வெள்ளையாகியிருந்தது. பாரிஸ் அணிக்கு ஐந்து யார்ட் தண்டம். விசில் ஊதியதும் மற்றவர்களும் அசையலாம் என்பதால், பீட்டரும் மற்றவர்களும் ஒருவரை ஒருவர் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள். பிறகு வேறு பந்து கொண்டுவந்து, புது விதிப்படியே மறுபடி வரிசையாக நின்று, உதைத்தார்கள். இந்தப் பந்து எல்லாப் பந்தையும்போல் கீழே வந்தது. அன்ட்வேர்ப் அணியில், மைதானத்திலேயே தங்கியிருந்த மற்ற ஏந்துபவன் அதைப் பிடித்துக்கொண்டு ஓடினான். கிருஷிகன் வெறுங்காலோடு துரத்தினான். அவன் விரல் அந்தச் சட்டையில் பட்டது, பிடிபடவில்லை. பாரிஸ் கிண்ணத்தை இழந்தது. அன்றைக்கு அணியில் ஒருவரும் அவனோடு கதைக்கவில்லை, பிறகும் பல மாதம் கதைக்கவில்லை. அவனும் தர்மிளாவும் ரயிலில் எதிரெதிரே இருந்து வந்தார்கள்.

நிற்கும் விதியை லீக் வைத்துக்கொண்டது. வேறொரு பந்து விழுந்த பிறகு முதல் பந்து பந்தாகக் கருதப்படமாட்டாது என்று ஒரு வரி மட்டும் சேர்த்தார்கள். ரூ பிலிப்-து-ஜிராருக்கு மேலே நின்ற பந்து அதைப் பொருட்படுத்தவில்லை. அது அங்கேயே நின்றது. இராயப்பு ஆறாம் மாடிக்கு ஏறிப்போய், “முடிஞ்சுது தம்பி, நீங்கள் வெண்டிட்டியள், இனி ஊருக்குப் போகலாம்” என்றார்.

“ஓம் அண்ணை” என்றான் யோரிஸ், கையை இறக்காமல். “ஆனா இது இன்னும் விழேல்லை.” இராயப்பு வாடகையைக் கூட்டவில்லை.

கிருஷிகன் கையெழுத்துப் போட்டான். செவ்வாயும் வியாழனும் பயிற்சிக்கு ஓடுகிறான். அந்த நாட்களில் சாவி கதவில் திரும்பும் சத்தம் கேட்கும்வரை தர்மிளாவுக்குக் கண் மூடுவதில்லை, அவன் உள்ளே வந்து, “எடி, சாப்பாடு இருக்கோ?” என்று கேட்ட பிறகுதான் அவள் போர்வையை இழுத்துக்கொள்கிறாள். கோடையில் சமையலறை ஜன்னலால் வெயில் நேரே விழும். மத்தியானம் பந்தின் நிழல் மேசைக்கு வரும்; அது ஒரு பாத்திரம் அளவு இருக்கும். தயிர் புளித்துப்போகாமல் இருக்கத் தர்மிளா சட்டியை அதற்குள் நகர்த்தி வைக்கிறாள், நிழல் நகர நகரச் சட்டியையும் நகர்த்திக்கொண்டே.